ஏட்டில் இல்லாத பெயர்: படைவீரர் கல்லறைப் பதிவுகளின் 160 ஆண்டுகள்

1873இல் அமெரிக்கப் போர்த்துறை தன் கல்லறைத் தோட்டங்களில் நடுவதற்கு இரண்டு வகைக் கற்களை வரையறுத்தது. பெயர் தெரிந்த படைவீரருக்குப் பத்து அங்குல அகலமும் நான்கு அங்குலத் தடிப்பும் கொண்ட பலகைக்கல். தரைக்கு மேல் ஓரடி தெரியும். முகப்பில் கேடய வடிவம், அதற்குள் பெயர், பதவி, மாநிலம். பெயர் தெரியாதவருக்கு ஆறு அங்குலச் சதுரக் கல். அதன் தலையில் ஓர் எண் மட்டும்.

இருவரும் ஒரே நாளில், ஒரே வயலில் விழுந்தவர்களாக இருக்கலாம். ஒருவரைப் பற்றி யாரோ ஓர் எழுத்தர் ஒரு வரி எழுதிவைத்திருந்தார். மற்றவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. கல்லின் அளவைத் தீர்மானித்தது அந்த ஒரு வரி.

அந்த வரியை எழுத வேண்டியவர் யார்? எந்தச் சான்றை நம்பி எழுதுவது? யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? 160 ஆண்டுகளாக அரசுகளும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் குடும்பங்களும் ஆய்வாளர்களும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் முந்தைய விடை கைவிட்டவர்களுக்காகப் பிறந்தது. ஒவ்வொன்றும் வேறு சிலரைக் கைவிட்டது.

தமிழ் மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்தப் பூசலில் பட்டான் என்ற செய்தி ஆகியவற்றைக் காணலாம். அங்கே கல்லே ஏடு. ஒரு மனிதனை அறிந்த ஊர், அவனுக்காக எழுப்பிய கல் அது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் மடியும் பெரும்படைகளின் காலம் வந்தபோது கல்லும் ஏடும் பிரிந்தன. ஏடு ஓர் அலுவலகத்துக்குப் போனது. கல் அந்த ஏட்டின் நகலாக ஆனது. இக்கட்டுரையின் அக்கறை அந்தப் பிரிவுக்குப் பிறகு நடந்தவற்றில்தான்.

அரசின் பொறுப்பு என்ற விடை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியபோது, இறந்தவர்களைப் பதிவுசெய்ய அந்நாட்டுப் படையில் தனிப்பிரிவு எதுவும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான 75ஆம் எண் பொது ஆணை, மருத்துவமனைகளில் இறப்போரின் விவரத்தை எழுதிவைக்கவும் தலைமாட்டில் பெயர்ப்பலகை நடவும் சொன்னது. அடுத்த ஏப்ரலில் வந்த 33ஆம் எண் ஆணை, போர்க்களத்துக்கு அருகிலேயே நிலம் ஒதுக்கி, எண்ணிட்ட பலகைகளோடு புதைத்துப் பதிவேடு வைக்கும்படி தளபதிகளுக்குச் சொன்னது. அந்த ஆணையிலேயே ‘இயன்றவரை’ என்ற சொல் இருந்தது. தோற்றுப் பின்வாங்கும் படைக்கு எதுவும் இயலவில்லை. வெல்லும் படையோ மறுநாளே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பெயரையும் ஊரையும் துண்டுத்தாளில் எழுதி உடையில் குத்திக்கொண்டு களத்துக்குப் போன வீரர்களும் இருந்தார்கள். அவர்கள் ஆணையை நம்பவில்லை.

இந்த முறையின் வலிமையையும் நொய்மையையும் ஒருசேரக் காட்டும் இடம் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில். தெற்குக் கூட்டமைப்பு நடத்திய அந்தச் சிறைமுகாமில் சுமார் 45,000 வடபுலப் படையினர் அடைபட்டனர். ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். டோரன்ஸ் அட்வாட்டர் என்ற கனெக்டிகட் மாநிலத்து இளைஞர் அங்கே கைதி. அவருக்கு முகாம் மருத்துவமனையில் இறந்தவர் பட்டியல் எழுதும் வேலை தரப்பட்டது. உடல்களை நீண்ட பள்ளங்களில் தோளோடு தோள் அடுக்கி, தலைமாட்டில் எண்ணிட்ட குச்சியை நடுவார்கள். குச்சியில் உள்ள எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றே. சிறைக்காரர்கள் தங்கள் பட்டியலை வடபுல அரசிடம் ஒப்படைப்பார்கள் என்று அட்வாட்டர் நம்பவில்லை. அதனால் ஒரு நகலை மறைவாக எழுதி, மேலங்கியின் உள்துணிக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார்.

1865 கோடையில் படைத்தலைவர் ஜேம்ஸ் மூர், கிளாரா பார்ட்டன், அட்வாட்டர் ஆகியோர் அடங்கிய குழு அங்கே சென்றது. எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பலகைகள் நட்டது. முடிவில் பெயரில்லாமல் நின்றவை 460 கல்லறைகள் மட்டுமே. அதே போரின் விக்ஸ்பர்க் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 17,000 பேரில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயர் இல்லை. மிகக் கொடிய சாவும் மிக ஒழுங்கான பதிவும் ஆண்டர்சன்வில் என்ற ஒரே இடத்தைச் சேர்ந்தவை. அந்த ஒழுங்கு ஒரு கைதியின் சந்தேகத்தால் தப்பியது.

போர்த்துறையிடம் கொடுத்திருந்த பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்காக அட்வாட்டர் மீதே திருட்டுக் குற்றம் சாட்டிப் படைநீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. சில மாதங்களில் வெளியே வந்த அவர், 1866இல் ஒரு நியூயார்க் நாளிதழின் வழியாகப் பட்டியலை அச்சிட்டார். இறந்தவரின் பெயர் அரசின் உடைமையா, குடும்பத்தின் உரிமையா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்வதில் மிகையில்லை. கிளாரா பார்ட்டன் நடத்திய, காணாமற்போனோரைத் தேடும் அலுவலகத்துக்கு 63,000க்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. 22,000 பேரின் கதி தெரியவந்தது.

பிறகு அரசு தன் வேலையை விரிவாகவே செய்தது. 1865 முதல் 1871 வரை 27 தொகுதிகளாகக் கல்லறைப் பட்டியல் வெளியானது. 1867 பிப்ரவரியில் தேசியக் கல்லறைத் தோட்டச் சட்டம் வந்தது. எட்மண்ட் விட்மன் போன்ற அதிகாரிகள் தெற்கு முழுக்க அலைந்து, வயலோரங்களிலும் பாதையோரங்களிலும் கிடந்த புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் பலர் அண்மையில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். பகைவர் நிலத்தில் அந்தக் குழிகளைக் காத்து நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்களே. 1871 வாக்கில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டு மறுபடி புதைக்கப்பட்டன. பெயர் தெரிந்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டினர்.

ஆனால் அந்தப் பாதி எல்லாருக்கும் ஒரே பாதியாக இல்லை. தேசியத் தோட்டங்களில் அடங்கிய சுமார் 30,000 கறுப்பினப் படையினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பெயர் கிடைத்தது. வெள்ளையரின் கல்லறைகளைக் கண்டுபிடிக்க உதவிய சமூகத்தின் மக்களே பெயரிழந்தோர் வரிசையில் முன்னால் நின்றார்கள். தெற்குக் கூட்டமைப்பின் இறந்தவர்கள் இந்தத் திட்டத்துக்கு முற்றிலும் வெளியே இருந்தனர். அவர்களைத் தேடிச் சேர்த்தவை தென்மாநிலப் பெண்கள் அமைத்த நினைவுச் சங்கங்கள். வடபுலச் சிறைகளில் இறந்த தெற்கத்தியரின் கல்லறைகளைக் குறிக்க 1906இல்தான் சட்டம் வந்தது.

பதிவின் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொரு அளவுகோல் உண்டு. அந்தப் போரில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலேயே இன்னும் உடன்பாடு இல்லை. நூறாண்டுக்கு மேலாக 6,20,000 என்பதே ஏற்கப்பட்ட கணக்கு. 2011இல் வரலாற்றாய்வாளர் டேவிட் ஹாக்கர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 7,50,000 என்று மதிப்பிட்டார். பின்னர் வந்த ஆய்வொன்று 7 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், எந்த ஏட்டிலும் ஏறாத பல பத்தாயிரம் பேர் இருந்தார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

சங்கமும் ஊரும் சொன்ன விடை

போர்க்களத்தில் இறந்தவருக்குச் சட்டம் வந்தது. போர் முடிந்து வீடு திரும்பி, கலப்பை பிடித்து, முதுமையில் ஊர் இடுகாட்டில் அடங்கியவருக்கு? அவரும் படைவீரர்தானே என்று கேட்டவர்கள் முன்னாள் படையினரே. 1866இல் உருவான ‘குடியரசின் பெரும்படை’ என்ற அவர்களின் சங்கம் 1890 வாக்கில் 4 லட்சம் உறுப்பினர்களைத் தாண்டியிருந்தது. ஆண்டுதோறும் மே 30 அன்று தோழர்களின் கல்லறைகளுக்குப் பூவும் கொடியும் வைப்பது அவர்கள் பரப்பிய வழக்கம். பூ வைக்க வேண்டுமானால் கல்லறை எங்கே என்று தெரிய வேண்டும். ஊர்க்கிளைகள் வைத்திருந்த கல்லறைப் பட்டியல்களுக்கு இந்த எளிய தேவை வலுவான தூண்டுதலாக இருந்தது.

நற்சான்றுடன் விடுவிக்கப்பட்ட வடபுலப் படையினர் எல்லாருக்கும் 1873இல் தேசியத் தோட்டத்தில் இடமளிக்கப்பட்டது. 1879இல் வந்த சட்டம் இன்னும் முக்கியமானது. தனியார் இடுகாடுகளில் கல்லில்லாமல் கிடக்கும் முன்னாள் படையினருக்கும் அரசே கல் தரும். அதற்கான அட்டைகள், 1879 முதல் 1903 வரையிலானவை மட்டும் 1,60,000க்கு மேல், இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1930களின் பொருளாதார மந்தத்தில் அரசு வேலைத்திட்டத்தின் கீழ் எழுத்தர்கள் பல மாநிலங்களில் இடுகாடு இடுகாடாக நடந்து, மாவட்டவாரியாகப் படைவீரர் கல்லறை அட்டைகளை எழுதினார்கள். குடும்ப வரலாறு தேடுவோர் இன்றும் முதலில் புரட்டுபவற்றில் இந்த அட்டைகளும் அடங்கும்.

இந்த விடையின் பலம் நெருக்கம். ஊருக்குத் தன் மனிதர்களைத் தெரியும். பலவீனமும் அங்கேதான். விண்ணப்பிக்க ஆளில்லாதவருக்குக் கல் வந்து சேர்வது தற்செயலைப் பொறுத்தது. சிதைந்த கல்லைப் படித்து எழுதிய அட்டையில் தவறான எழுத்து ஏறினால், பிறகு அதுவே சான்றாகிவிடுகிறது. 1930களில் எழுதப்பட்ட அட்டை 1860களின் நிகழ்வுக்கு எவ்வளவு தூரம் சாட்சி என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

இல்லினாய் மாநிலத்தின் சாநமின் என்ற சிற்றூரில் ஒரு கல்லறை இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. 1915இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் ஆல்பர்ட் கேஷியர். 95ஆம் இல்லினாய் காலாட்படையில் மூன்றாண்டு போரிட்டவர். பெண்ணாகப் பிறந்து ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்று அழைக்கப்பட்ட அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை ஆணாகவே வாழ்ந்தார். இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அது தெரியவந்தது. படை ஏட்டில் என்ன பெயரோ அதையே கல் சொன்னது. 1970களில் இரு பெயர்களையும் தாங்கிய இரண்டாம் கல் நடப்பட்டது. எது ‘சரியான’ பதிவு என்று கேட்டால், அரசு, ஊர், வரலாற்றாய்வாளர் மூவரும் மூன்று விடை சொல்லக்கூடும். அவர் படைச்சீருடையோடு அடக்கம் செய்யப்பட்டார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

எல்லாருக்கும் ஒரே கல்

முதல் உலகப் போர் மூன்றாவது விடையைக் கொண்டுவந்தது. ஃபேபியன் வேர் படையில் சேர வயது கடந்தவர். 1914இல் பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப்பிரிவு ஒன்றை நடத்தினார். கேட்பாரற்றுக் கிடந்த சிலுவைகளைக் கண்டு அவர் தொடங்கிய குறிப்பெடுப்பு 1915இல் படையின் அதிகாரபூர்வப் பிரிவானது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் 31,000 கல்லறைகள் பதிவாயின. 1917 மே 21 அன்று பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் அரச சாசனத்தால் பிறந்தது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். அதன் ஏடுகளில் 17 லட்சம் பேர்.

பதிவு எப்படிக் குலைந்தது என்பதற்கு ஒரு சின்னப் பொருளே சாட்சி. போரின் முதல் ஈராண்டுகளில் பிரிட்டிஷ் வீரரின் கழுத்தில் ஒரே ஓர் அடையாள வில்லை தொங்கியது. இறப்பைத் தலைமையகத்துக்கு அறிவிக்க அதைக் கழற்றி எடுத்துச் செல்வார்கள். அலுவலகத்தில் பெயர் பதிவாகும். களத்தில் உடல் பெயரிழக்கும். 1916 செப்டம்பரில்தான் இரண்டு வில்லைகள் வந்தன. ஒன்றை எடுத்துச் செல்ல, மற்றொன்று உடலோடு கிடக்க. சோம் போரின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்திருந்தது.

1918இல் ஃபிரெடரிக் கென்யன் தந்த அறிக்கை கொள்கையை வகுத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். உடலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல யாருக்கும் அனுமதியில்லை. பணக்காரர் மகனின் உடல் மட்டும் ஊர் திரும்பக் கூடாது என்பது அதன் வாதம். அமெரிக்கா எதிர்வழியில் சென்றது. குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டு ஏறத்தாழ 46,000 உடல்களைக் கடல் கடந்து கொண்டுவந்தது. பிரிட்டனில் தாய்மார்கள் கசந்து போராடினார்கள். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆணையத்தின் கொள்கை நின்றது. சமத்துவமா, குடும்ப உரிமையா என்ற இந்த வழக்கில் இரு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. ஆனால் பதிவுக்கு ஆணையத்தின் வழியே நல்லதாக அமைந்தது. உடல்கள் சிதறாமல் இருந்ததால் ஏடும் சிதறவில்லை.

கேள்வி அந்தச் ‘சமத்துவம்’ எந்த எல்லைவரை என்பதில் எழுகிறது. பிரான்சின் நவ் ஷபெல் என்ற ஊரில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில், கல்லறை தெரியாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் உள்ளன. சாதாரணச் சிப்பாய்களின் பெயரும் அவற்றில் உண்டு. இரண்டாண்டு கழித்து இராக்கின் பஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவிடத்தில் பிரிட்டிஷ் படையினருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் இருந்தது. 33,000க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டுமே. இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதே படை, அதே பேரரசு, அதே ஆணையம். ஐரோப்பியக் கண்ணுக்கு முன் பெயர். அதற்கு அப்பால் எண். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதுவும் இல்லை. நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் ஆகிய மூன்று நகரங்களில் சிலைகள் நிற்கின்றன. சுமை தூக்கி மடிந்த பல்லாயிரவர் பெயர் அவற்றில் கிடையாது.

ஆணையமே அமர்த்திய குழு 2021 ஏப்ரலில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து, சோமாலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இடையில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். அந்த இடைவெளியே இழந்த ஏடுகளின் அளவு.

அன்றைய முடிவுகளுக்குக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலர் பதிவுகள் போர்ச் சூழலில் அழிந்ததை முன்வைக்கிறார்கள். சமயச் சடங்குகளின் வேறுபாட்டை மதித்ததாக அன்றைய அதிகாரிகள் சொன்ன விளக்கத்தைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். 2021 அறிக்கையோ அன்றைய இனப்பாகுபாட்டுப் பார்வைக்கும் பேரரசு மனப்பான்மைக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாகக் கூறியது. பஸ்ராவையும் நவ் ஷபெலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு மூன்றாவது விளக்கத்தை ஒதுக்குவது கடினம்.

கல்லறையே இல்லாதவர்

மேலே கண்ட விடைகள் அனைத்துக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: படைவீரர் என்றால் கல்லறை உண்டு. இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் அது பொருந்தாது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்தியப் படையினர் 53 பேர் ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் எரியூட்டப்பட்டார்கள். அங்கே 1921இல் சத்ரி என்ற வெள்ளைக்கல் மண்டபம் எழுந்தது. அந்த 53 பேரின் பெயர்களைத் தாங்கிய தனி நினைவுக்கல் 2010இல்தான் அதன் அருகே வந்தது. மண்டபத்துக்கும் பெயருக்கும் இடையில் 89 ஆண்டுகள்.

சென்னையில் இதற்கு வேறொரு வடிவம் காணலாம். நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க்கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்த 856 கல்லறைகள் உள்ளன. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பராமரிக்க இயலாத இடங்களில் கிடந்தவை இங்கே கொண்டுவரப்பட்டன. அதன் பின்புறம் முதல் உலகப் போருக்கான நினைவுச்சின்னம். நாட்டின் பல பாளையங்களில், பொது இடுகாடுகளில் அடங்கிய ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. உடல் ஓரிடம், பெயர் வேறிடம்.

இதற்கு முன்பே, 1905இல், குடிமைப்பணி அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கினார். அப்படித் தொகுத்தவை தேயவோ அழியவோ நேர்ந்த கற்களுக்கு மாற்றுச் சான்று. ஆனால் வரலாற்று மதிப்புடையவை என்று அவர் கருதியவையே அதில் இடம்பெற்றன. அதிகாரிகளும் ஐரோப்பியரும் நிரம்பிய அந்தப் பட்டியலில் மதராஸ் படையின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்கு இடம் அரிது. கல் வைக்கப்படாதவரைக் கல்லெழுத்துத் தொகுப்பு காப்பாற்ற முடியாது.

ஆய்வகம் சொல்லும் விடை

1920இல் லண்டனிலும் பாரிசிலும், 1921இல் ஆர்லிங்டனிலும் பெயரறியா வீரருக்கு நினைவிடங்கள் எழுந்தன. பெயர் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, ஒருவருக்குள் எல்லாரையும் வணங்கும் வழி அது. மரபணு அறிவியல் அந்த ஏற்பைக் குலைத்தது.

ஆர்லிங்டனில் 1984இல் வியட்நாம் போரின் பெயரறியா வீரராக அடக்கம் செய்யப்பட்டவர், 1998இல் விமானப்படை அதிகாரி மைக்கேல் பிளாசி என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஆய்வகத்தை விடக் கோப்பு. 1972இல் எச்சங்கள் கிடைத்தபோதே அவருடைய அடையாள அட்டையும் உடன் இருந்தது. அட்டை பின்னர் தொலைந்தது. 1980இல் உயரத்தையும் வயதையும் தவறாக மதிப்பிட்டு, அவர் பெயரை நீக்கி ஒரு குறியெண்ணை இட்டார்கள். பெயரறியாதவராக அவர் பிறக்கவில்லை. ஏடு அவரை அப்படி ஆக்கியது. அந்த நிலவறை இன்று வெறுமையாகவே விடப்பட்டுள்ளது.

1941இல் முத்துத் துறைமுகத் தாக்குதலில் மூழ்கிய ‘ஓக்லஹோமா’ கப்பலில் 429 பேர் இறந்தனர். அவர்களில் 388 பேர் ஹவாயில் பெயரின்றிப் புதைந்திருந்தார்கள். 2015இல் அந்தக் குழிகள் திறக்கப்பட்டன. ஆறு ஆண்டுகளில் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெயர் திரும்பியது. இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அந்தத் தாக்குதலில் உயிர்தப்பிய ரே எமரி. பழைய கோப்புகளைப் பல்லாண்டு புரட்டி, இன்ன குழியில் இன்னார் இருக்கக்கூடும் என்று காட்டியவர். ஏட்டின் துணையில்லாமல் ஆய்வகத்துக்கு எந்தக் குழியைத் தோண்டுவது என்றே தெரியாது.

தோண்டலாமா என்பதில் அமெரிக்காவும் காமன்வெல்த் ஆணையமும் இரு துருவங்களில் நிற்கின்றன. அமெரிக்கா, கலந்துபோன எச்சங்களாயின் அந்தக் குழுவின் குடும்பங்களில் 60 சதவீதத்தினரின் மரபணு மாதிரி கையிலிருந்தால் தோண்ட அனுமதிக்கிறது. காமன்வெல்த் ஆணையம், அடங்கியவரை அடையாளம் காண்பதற்காகத் தோண்டி எடுப்பதில்லை. ஆவணத்தை மட்டுமே நம்புகிறது. ஆவண வழிக்கும் ஆபத்து உண்டு. எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் 1915இல் லூஸ் போரில் காணாமற்போனார். வரைபடக் குறிப்பில் இருந்த பிழையைத் திருத்தியதன் வழியே 1992இல் ஒரு கல்லறை அவருடையது என ஆணையம் அறிவித்தது. அதை மறுத்து நூலே எழுதியவர்கள் உண்டு. பின்னர் ஆணையத்தின் முடிவை ஆதரித்த ஆய்வும் வந்தது. மண்ணைத் தொடாத வரை இந்த வழக்கு முற்றாக முடிய வாய்ப்பில்லை.

கணினிக்கு மாறிய ஏடு

எல்லாவற்றையும் மின்பதிவாக்கிவிட்டால் தீரும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக உள்ளது. ஆர்லிங்டனே அதற்கு ஊக்கமும் எச்சரிக்கையும். 2010இல் அமெரிக்கப் படையின் ஆய்வு, அங்கே 211 இடங்களில் கல்லும் வரைபடமும் ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படுத்தியது. அதுவரை தாள் அட்டைகளே ஆதாரமாக இருந்தன. பிறகு காவற்படையினரே கல் கல்லாகப் படமெடுத்தார்கள். ஏறத்தாழ 2,60,000 இடங்கள் அட்டைகளோடு ஒப்பிடப்பட்டன. அவற்றில் சுமார் 64,000 மறுபடி பார்க்க வேண்டியவையாக இருந்தன. அந்த உழைப்பில் எழுந்த பதிவேடு இன்று யாரும் தேடக்கூடியதாக இருக்கிறது. படமெடுத்தால் கல்லில் உள்ளது தெரியும். கல்லுக்குக் கீழே யார் என்பதற்குப் பழைய அட்டைதான் சாட்சி.

லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த பஞ்சாப் பதிவேடுகள் வேறு வகை. 1919இல் ஊர்வாரியாக எழுதப்பட்ட சுமார் 26,000 பக்கங்கள். 3,20,000 படையினரின் விவரம். போரில் இறந்தவர், காயமுற்றவர், திரும்பியவர் எல்லாரும் அதில் உண்டு. 2021இல் மூன்று மாவட்டங்களின் பதிவுகள் முதலில் பொதுப்பார்வைக்கு வந்தன. கல்லறையிலிருந்து பெயருக்குப் போகாமல் ஊரிலிருந்து பெயருக்குப் போகும் பதிவு இது. எரியூட்டும் சமூகங்களுக்கும் கல்லில்லாத ஏழைகளுக்கும் இதுவே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. நடுகல்லின் நெருக்கத்தை ஏட்டில் மீட்கும் முயற்சி என்றும் இதைப் பார்க்கலாம்.

இன்னும் முடியாதவை

மூன்று கேள்விகள் திறந்தே நிற்கின்றன. ஒன்று, சான்றின் அளவு. அரைகுறைப் பட்டியலை வைத்துப் பெயர் பொறித்தால் விடுபட்டவர் இரண்டாம் முறையாக விடுபடுவார். முழுமைக்குக் காத்திருந்தால் யாருக்குமே பெயர் வராது. கிடைத்ததை உடனே ஏற்றி, கூடுதலுக்கு இடம் விடுவதே இப்போதைக்குத் தாங்கக்கூடிய வழியாகப் படுகிறது. இரண்டு, யார் படைவீரர் என்பது. துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமா, அவருக்குச் சமைத்தவரும் சுமந்தவருமா? மறுபரிசீலனை மெல்லத்தான் நகர்கிறது.

மூன்றாவது கேள்வி நமக்கு மிக நெருக்கமானது. காமன்வெல்த் ஆணையத்தின் பொறுப்பு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்களோடு நின்றுவிடுகிறது. மெசபொடேமியாவிலிருந்து திரும்பி, ஓய்வூதியம் வாங்கி, 1930இல் தன் ஊரில் இறந்த மதராஸ் சிப்பாய் அந்த ஏட்டில் இல்லை. 1879இலேயே அமெரிக்கச் சட்டம் தன் முன்னாள் படையினருக்காக நிரப்பிய இடம் அது. அரசு அதை நிரப்பும் வரை குடும்பங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரணிலோ பெட்டியிலோ பாட்டனாரின் படைவிடுப்புச் சான்றோ ஓய்வூதியப் புத்தகமோ இருந்தால், அதிலுள்ள படையெண், படைப்பிரிவு, ஊர், இறந்த நாள், அடக்கம் செய்த அல்லது எரியூட்டிய இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சான்றின் நகலோடு சேர்த்து வையுங்கள்.